எர்த்ஸீ நாவலைப் பள்ளிக்கூடக் கதை என்று சொல்லலாமா?

கேள்வி:
உர்சுலா கே. லெ குவின் எழுதி 1968இல் வெளிவந்த 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலைச் சென்ற வாரம் படித்து முடித்தேன். மந்திரப் பள்ளி நாவல்களுக்கெல்லாம் முன்னோடி என்று பலரும் சொல்லக் கேட்டுத்தான் வாங்கினேன். ஆனால், மொத்தமுள்ள பத்து அத்தியாயங்களில் ரோக் தீவுப் பள்ளிக்குக் கிடைப்பவை ஏறக்குறைய இரண்டுதான். ஆடு மேய்த்த சிறுவன் கெட் அங்கிருந்து வெளியேறிய பிறகு, கதை பெரும்பாலும் தீவு தீவாகவும் கடலிலுமே நகர்கிறது. பள்ளிக் கதைகளை விரும்பிப் படிக்கும் என் அக்கா மகளுக்குப் பதின்மூன்று வயது. அவளுக்கு இதைக் கொடுத்தால் ஏமாந்துபோவாளா?

மறுமொழி 1:
பக்கக் கணக்கை வைத்து அந்தப் பள்ளியை அளக்க வேண்டாம். கெட்டின் வாழ்க்கையையே திசைதிருப்பும் பிழை அங்கேதான் நடக்கிறது. ஜாஸ்பர் என்ற மாணவன் மீதுள்ள வன்மத்தால், தன் ஆற்றலைக் காட்டுவதற்காக கெட் இறந்தவர் ஒருவரை அழைக்க முயல, அப்போது உண்டாகும் பிளவின் வழியே ஒரு நிழல் உலகுக்குள் நுழைந்துவிடுகிறது. பிளவை மூடிய பள்ளியின் முதுபெரும் தலைவர் உயிரிழக்கிறார். பள்ளியைவிட்டுப் போன பின்னும் அவன் படிப்பது அந்த ஒரே பாடத்தைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது வாயிற்காவலர். ரோக்கின் ஒன்பது ஆசான்களில் அவரும் ஒருவர். உள்ளே நுழைய மாணவன் தன் மெய்ப்பெயரை, அதாவது எளிதில் யாரிடமும் வெளியிடாத உண்மைப் பெயரைச் சொல்ல வேண்டும். படிப்பு முடிந்து வெளியேற அவருடைய பெயரை அறிந்திருக்க வேண்டும். எந்த மந்திரத்தாலும் அதைப் பறிக்க முடியாது என்று உணர்ந்த கெட், கடைசியில் அவரிடமே பெயரைக் கேட்டுவிடுகிறான், அவரும் சொல்லிவிடுகிறார். இதைவிட நல்ல தேர்வுக் காட்சியை நான் எந்தப் பள்ளிக் கதையிலும் படித்ததில்லை.

மறுமொழி 2:
தாராளமாகக் கொடுங்கள், பதின்ம வயதினருக்கென ஒரு நூல் வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டதன் பேரில் எழுதப்பட்டதுதான் இது. ஆனால், ரோக்கில் பெண்கள் சேர முடியாது என்பதையும், பெண்களின் மந்திரத்தை இளக்காரமாகப் பேசும் பழமொழிகள் நூலில் வருவதையும் அவள் கட்டாயம் கவனிப்பாள். லெ குவினுக்கும் அது பின்னாளில் உறுத்தியிருக்கிறது. 1972இல் இந்த வரிசையின் மூன்றாம் நூலை வெளியிட்டவர், 1990இல் 'தெஹானு'வில் அதே உலகை ஒரு நடுவயதுப் பெண்ணின் கண்வழியே திரும்பிப் பார்த்தார். அதைச் சில ஆண்டுகள் கழித்துக் கொடுப்பதே நல்லது, அதிலுள்ள வன்முறை கனமானது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வாயிற்காவலர் காட்சியை நான் வேகமாகத் தாண்டிவிட்டேன் என்று இப்போது தெரிகிறது. முடிவை மட்டும் அவளிடம் யாரும் முன்கூட்டியே சொல்லிவிடாதபடி பார்த்துக்கொள்கிறேன்.