ஒரு ஈத்தாவது போட்ட பிறகுதான் கருத்தடை செய்ய வேண்டுமா?

செம்பருத்தி (திருச்சி):
எங்கள் வீட்டு நாட்டு நாய்க்கு ஏழு மாதம் ஆகிறது. பெண். இன்னும் ஹீட் (இணை சேரும் பருவம்) வரவில்லை. தடுப்பூசி போடப் போனபோது, முதல் ஹீட்டுக்கு முன்னாலேயே கருத்தடை செய்துவிடலாம் என்றார் டாக்டர். அப்பாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. "வாயில்லா ஜீவன், ஒரு ஈத்தாவது போடட்டும், அதற்கப்புறம் பார்க்கலாம்" என்கிறார். குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்று பக்கத்து வீட்டிலும் சொல்கிறார்கள். வளர்க்கிறவர்கள் சொல்லுங்கள், என்ன செய்யலாம்?

கரிசல்காட்டான் (சாத்தூர்):
உங்கள் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது தங்கச்சி. எங்கள் குடும்பத்தில் தாத்தா காலத்திலிருந்து சிப்பிப்பாறையும் கன்னியும் வளர்க்கிறோம். ஒன்றுக்கும் கத்தி வைத்ததில்லை. ஆபரேஷன் செய்த நாய் சதை போட்டு ஓட்டம் குறைந்துபோகும், பார்த்திருக்கிறேன். இன்னொன்று, வேட்டை நாய்க்கு உடம்பில் கொழுப்பு கிடையாது. சில மயக்க மருந்து கொடுத்தால் தெளியவே வெகுநேரம் ஆகும். கோல்டன் ரிட்ரீவர்களை வைத்து அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்த ஆய்வு 2013இல் வந்தது. ஒரு வயதுக்குள் கருத்தடை செய்த நாய்களுக்கு மூட்டுக் கோளாறு கூடுதலாம். இதையெல்லாம் சொல்லாமல் "சீக்கிரம் செய்" என்று மட்டும் சொல்வது சரியில்லை.

வைகைக்கரை (மதுரை):
அண்ணா, உங்கள் நாய்களைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் இவர் கேட்பது வீட்டில் சும்மா வளரும் நாட்டு நாய்க்கு. ஒரு ஈத்து என்றால் ஐந்தோ ஆறோ குட்டி. ஆண் குட்டிகளைக் கேட்டு வாங்கிப் போவார்கள். பெண் குட்டிகள் என்ன ஆகும்? சாக்கில் கட்டிக் கண்மாய்க் கரையில் போட்டுவிட்டுப் போனதை நாங்கள் எடுத்திருக்கிறோம். கண்கூட திறக்காத குட்டிகள். எல்லாம் பெண்.

குட்டி போட்டால் உடம்புக்கு நல்லது என்பதற்கும் ஆதாரம் கிடையாது. எங்கள் தெருவில் ஒரு வயதான பாமரேனியன், ஒரு தடவை ஈன்றதுதான். ஹீட் முடிந்து ஒரு மாதம் இருக்கும். பாத்ரூம் வாளியில் தலையை விட்டுத் தண்ணீராகக் குடித்தது. சோறு வேண்டாம், எழுந்து நிற்க முடியவில்லை, பின்பக்கம் கெட்ட வாடை. கருப்பையில் சீழ், பயோமெட்ரா. அன்றைக்கே வயிற்றைத் திறந்தார்கள். எடுத்துத் தட்டில் வைத்த கருப்பை என் முன்கைத் தடிமன். நாய் பிழைத்தது. ஆனால் அந்த வயதில், அந்த நிலையில் மயக்க மருந்து கொடுப்பதற்கும், ஏழு மாதத்தில் திடமாக இருக்கும்போது கொடுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

நெல்லைச்சீமை:
பேசுவது எளிது. எங்கள் பூனைக்கு ஒரு தனியார் கிளினிக்கில் செய்தோம். மயக்கம் சரியாகத் தெளியாமலேயே சாயங்காலம் கையில் கொடுத்துவிட்டார்கள். உடம்பு சில்லென்று இருந்தது. கழுத்துக் காலர் தரவில்லை. ராத்திரி நக்கி நக்கித் தையலைப் பிரித்துவிட்டது. மறுபடி மயக்கம், மறுபடி தையல், மறுபடி பணம். அது பட்ட வேதனையைப் பார்த்தவன் நான். சரியான ஆள் கிடைக்காத ஊரில் நல்லா இருக்கிற பிராணியைக் கொண்டுபோய் ஏன் அறுக்க வேண்டும்?

கால்நடை மருத்துவர் (தஞ்சை மாவட்டம்):
நெல்லை நண்பருக்கு நடந்தது நடந்திருக்கவே கூடாது. முழுசாகத் தெளிந்து, உடம்புச் சூடு சரியாகி, நிற்கிற வரைக்கும் வெளியே அனுப்பக் கூடாது. வலி ஊசி, கூம்புக் காலர் இரண்டும் கட்டாயம். எங்கே போனாலும் முன்கூட்டியே கேளுங்கள்: மயக்கத்தில் இருக்கும்போது அதைக் கவனிக்கத் தனி ஆள் உண்டா, வலிக்கு என்ன தருவீர்கள், ராத்திரி ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் செய்ய வேண்டாம்.

கரிசல்காட்டான் சொன்ன மயக்க மருந்து விஷயம் உண்மை. தயோபென்டோன் போட்டால் ஓட்ட நாய்கள் தெளியத் தாமதமாகும். அதற்கு மாற்று மருந்தும் வாயு மயக்கமும் இருக்கின்றன. மூட்டு விஷயமும் உண்மைதான், ஆனால் அது பெரிய ஜாதிகளில்தான் முக்கியம். லாப்ரடார், கோல்டன் வைத்திருப்பவர்களை எலும்பு வளர்ச்சி முடியட்டும் என்று நாங்களே காத்திருக்கச் சொல்வோம். நடுத்தர உடம்பு உள்ள நாட்டு நாய்க்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

மார்பகக் கட்டி ஆபத்து, முதல் ஹீட்டுக்கு முன் செய்தால் குறையும் என்பது பழைய ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு. எவ்வளவு குறையும் என்பதில் இப்போது ஆராய்ச்சியாளர்களுக்குள் வாதம் இருக்கிறது. பயோமெட்ராவில் வாதமே இல்லை. சினைப்பையும் கருப்பையும் போய்விட்டால் அந்த நோய்க்கு இடமில்லை. எடை கூடுவது சாப்பாட்டால். ஆபரேஷனுக்குப் பிறகு கால் பங்கு குறைத்துக் கொடுங்கள். சில பெண் நாய்களுக்குப் பின்னாளில் தூக்கத்தில் சிறுநீர் கசியலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். மருந்து உண்டு.

நம் ஊரில் எல்லாவற்றையும் விட நான் பயப்படுவது உண்ணிக் காய்ச்சலுக்கு. நாய் ஓடியாடிக்கொண்டிருக்கும், உள்ளே ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் இறங்கியிருக்கும். தெரியாமல் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. அதனால் ரத்தப் பரிசோதனை இல்லாமல் மேசையில் ஏற்றாதீர்கள். ஹீட்டில் இருக்கும்போதும் வேண்டாம், ரத்தக் குழாய்கள் பெருத்திருக்கும். ஹீட் வந்துவிட்டால் முடிந்து இரண்டு மூன்று மாதம் பொறுங்கள்.

பூனைவீடு (சென்னை):
டாக்டர், எங்கள் பூனை ராத்திரி முழுக்கக் கத்துகிறது. ஹீட் வராமல் இருக்க ஒரு ஊசி இருக்கிறதாமே, அது போதாதா?

கால்நடை மருத்துவர்:
வேண்டாம். அது ஹார்மோன் ஊசி. கருப்பையில் சீழ் பிடிக்கவும் மார்பு வீங்கிக் கட்டி வரவும் வழி செய்யும். பூனைக்கு இணை சேராவிட்டால் ஹீட் திரும்பத் திரும்ப வரும். சேர்ந்துவிட்டால் இரண்டு மாதத்தில் குட்டி. பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும். நான்கைந்து மாதப் பூனைகூட சினையாகி வருவது உண்டு, அதனால் பூனைக்கு அந்த வயதுக்குள்ளேயே செய்துவிடுவது நல்லது. சென்னையில்தானே இருக்கிறீர்கள், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். காத்திருக்க வேண்டும், செலவு குறைவு.

கரிசல்காட்டான்:
டாக்டர் பொறுமையாகச் சொன்னதற்கு நன்றி. ஆனால் ஒன்று. எல்லோரும் கருத்தடை என்று கிளம்பினால் நாட்டு ஜாதி என்ன ஆகும்? ராஜபாளையமும் கோம்பையும் கலப்பில்லாமல் கிடைப்பதே அரிதாகிவிட்டது. நல்ல கால், நல்ல நெஞ்சு உள்ள பெட்டையை வைத்து ஒரு ஈத்து எடுப்பது தப்பா?

வைகைக்கரை:
தப்பில்லை அண்ணா. குட்டிகள் எங்கே போகின்றன என்று கடைசி வரை கேட்டு வைத்துக்கொள்கிறவர் நீங்கள். அப்படிச் செய்கிறவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் வீட்டு ஈத்துதான் தெருவுக்கு வருகிறது, அப்புறம் தெரு நாய் தொல்லை என்று அடித்துக் கொல்லச் சொல்கிறார்கள். சென்னையில் மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், 1964இலேயே புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு கருத்தடையை மாற்று வழியாக முன்வைத்தது. தெரு நாய்களுக்குக் கருத்தடை என்று நாடு முழுவதற்கும் விதி வர 2001 ஆனது. இத்தனை பாடுபட்டும் தெருவில் குட்டி குறையவில்லை என்றால், வீட்டுக் கதவுக்கு உள்ளே இருந்து வருவதையும் பேசித்தானே ஆக வேண்டும்?

கரிசல்காட்டான்:
தெருவில் விடுகிறவனை நானும் மன்னிக்க மாட்டேன். ஜாதி நாய் விஷயத்தில் என் பேச்சில் மாற்றமில்லை.

நெல்லைச்சீமை:
ரத்தப் பரிசோதனை என்று எங்களிடம் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. இன்னொரு பெண் பூனை இருக்கிறது. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

கால்நடை மருத்துவர்:
பயம் நியாயமானது. திருநெல்வேலியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலில் பூனையைக் காட்டிப் பேசிவிட்டு வாருங்கள், அன்றைக்கே செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை.

செம்பருத்தி:
எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் முழுசாகப் படித்துக் காட்டினேன். சாக்கில் கட்டிப் போட்ட குட்டிகள் என்ற இடத்தில் போதும் என்று எழுந்து போய்விட்டார். ராத்திரி அவரே வந்து, ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார், சரியாக இருந்தால் செய், கூட நானும் வருவேன் என்றார். கால்நடை மருத்துவக் கல்லூரி என்றால் எங்களுக்கு ஒரத்தநாடா நாமக்கல்லா, எது வசதி?

கால்நடை மருத்துவர்:
உங்களுக்கு எந்தப் பக்கம் பஸ்ஸோ காரோ சுலபமோ அங்கே போங்கள், இரண்டுமே கல்லூரி மருத்துவமனைதான். தேதி கொடுத்த பிறகு முந்தின ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்துங்கள். தண்ணீர் எதுவரை கொடுக்கலாம் என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். உண்ணி இருக்கிறதா என்று இன்றைக்கே காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் பாருங்கள். தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.