கணவரின் வேலை உடுப்பும் ஒரு கேள்விதான்

புற்றுநோய் எதனால் வருகிறது என்று ஆராயும் குழுவில் நோயாளிகளைச் சந்தித்துப் பேசுவது என் வேலை. ரத்த மாதிரி வாங்குவோம். அப்புறம் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், யார் எங்கே வேலை பார்த்தார்கள் என்று நிறையக் கேட்போம். அப்படிச் சந்தித்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அவருக்கு மீசோதெலியோமா. நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்றுநோய். ஆஸ்பெஸ்டாஸ் தூசுதான் இதற்கு முக்கியக் காரணம். அவரோ வெளி வேலைக்கே போனதில்லை. "வீட்டோட கிடந்த எனக்கு எப்படி வந்துச்சு? என்ன பாவம் பண்ணேன்?" என்றார். கணவரின் வேலையைப் பற்றிக் கேட்டேன். மகள்தான் பதில் சொன்னார்: "அப்பா பாய்லருக்கு ஆஸ்பெஸ்டாஸ் சுத்துற வேலை. சாயங்காலம் வரும்போது தலையெல்லாம் வெள்ளையா இருக்கும். அம்மா அந்தச் சட்டையை நல்லா உதறிட்டுத்தான் ஊற வைப்பாங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. தூசு உள்ளே போய் நோயாகத் தெரிய 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஆகும். 1965இல் லண்டனில் நியூஹவுஸ், தாம்சன் இருவரும் வெளியிட்ட ஆய்விலேயே, கணவரின் வேலை உடுப்பைத் துவைத்த மனைவிகள் இந்த நோயாளிகளில் இருந்தார்கள். பாவம் எதுவும் இல்லை அம்மா, அந்தத் தூசாக இருக்கலாம் என்று சொன்னேன்.

ஆனால் அதே தூசில் இருந்த எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை. அதனால் குடும்பத்தில் யாருக்காவது கண்ணில் புற்றுநோய் வந்ததா என்றும் கேட்டேன். பிஏபி1 என்ற மரபணுவில் பிறவியிலேயே பிழை இருந்தால் மீசோதெலியோமாவும் ஒருவகைக் கண் புற்றுநோயும் வரும் வாய்ப்பு கூடும் என்று 2011இல் கண்டறிந்தார்கள். அம்மாவின் தம்பிக்குக் கட்டி வந்து ஒரு கண்ணையே எடுத்தார்களாம். என்ன கட்டி என்று யாருக்கும் நினைவில்லை.

"அப்ப எனக்கும் வருமா?" என்று மகள் கேட்டார். அம்மாவிடம் அந்த மரபணுப் பிழை இருந்தால் பிள்ளைக்கும் அந்தப் பிழை வர 50 சதவீத வாய்ப்பு. பிழை வந்தாலும் நோய் வந்தே தீரும் என்பதில்லை. மரபணு ஆலோசகரைப் பார்க்கச் சொன்னேன்.

ரத்தத்தை உறையவைத்துப் பத்திரப்படுத்தினால் பல ஆண்டுகள் கழித்தும் மரபணுவைப் படிக்கலாம். ஆனால் சட்டையை உதறிய கதை அந்த மகள் இல்லாவிட்டால் போயே போயிருக்கும். வேலை, தூசு, புகை பற்றிய கேள்விகளை அவசரமாக முடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

மகளும் அந்தத் தூசு பறந்த வீட்டில் வளர்ந்தவர்தானே. அதையும் ஆலோசகரிடம் மறக்காமல் சொல்லும்படி ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.