துணைநகரத்தை யார் கையில் கொடுப்பது?

இரண்டாம் மாடி:
பெருநகரத்திலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி ஒரு துணைநகரம். 11 வருடமாகக் குடியிருக்கிறேன், குடியிருப்போர் சங்கத்தில் பொருளாளர். காலை ஏழரைக்குப் பேருந்து நிலையத்தில் நிற்க இடமிருக்காது. பத்து மணிக்குப் போனால் ஈ காக்கை இருக்காது. ஊரைக் கட்டிய அமைப்பு, வேலை முடிந்தது என்று ஒப்படைக்கப் பார்க்கிறது. எங்கள் சின்ன நகராட்சியோ, "தெருவிளக்கு சரி, கழிவுநீர் நிலையத்தை வாங்கி நாங்கள் என்ன செய்ய?" என்கிறது. மாநகராட்சியோடு சேர்ந்துவிடலாம் என்று சங்கத்தில் பாதிப்பேர். சேர்ந்தால் எங்கள் தெரு வாய்க்கால் அவர்கள் பட்டியலில் கடைசியாகத்தான் வரும் என்பது என் பயம். என்ன செய்யலாம்?

வரைபடக்காரன்:
நகரமைப்பில் 26 வருடம் வேலை பார்த்தவன். யாரோடு சேர்வது என்பதை அப்புறம் பாருங்கள். ஒப்படைப்புப் பட்டியலில் கடைகளும் காலி மனைகளும் இருக்கின்றனவா? செலவு வைக்கிற சொத்தை ஊர் தலையில் கட்டிவிட்டு, வருமானம் தருகிறதை மேலே எடுத்துக்கொள்வது பழைய பழக்கம்.

பிரிட்டனில் 1946 சட்டப்படி எழுந்த புதுநகரங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றையும் ஒரு வளர்ச்சிக் கழகம் கட்டியது. கழகம் கலைந்தபோது நிலமும் வணிகக் கட்டடங்களும் பெரும்பாலும் மத்திய ஆணையத்துக்குப் போயின. பராமரிப்பு உள்ளூர் மன்றங்களுக்கு வந்தது. ஒரே காலத்தில் போட்ட குழாயும் சாலையும் ஒரே காலத்தில்தான் பழுதாகும். 2002-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்து அறிக்கையே கொடுத்தது.

1903-ல் இங்கிலாந்தில் தொடங்கிய லெட்ச்வொர்த் தோட்டநகரம் வேறு மாதிரி. நிலம் மொத்தமும் ஒரே கையில், வாடகை ஊருக்கே. நடுவில் ஒரு தனியார் நிறுவனம் பங்குகளை வாங்கிக் கைப்பற்றியது. 1962-ல் தனிச் சட்டம் போட்டு மீட்டார்கள். இன்றும் அந்த வருமானத்தில் ஓர் அறக்கட்டளை ஊருக்குச் செலவு செய்கிறது.

இணைப்பு பற்றிக் கேட்டால் என் கட்சி இதுதான்: தண்ணீர், கழிவுநீர், ரயில் மூன்றும் நகராட்சி எல்லை பார்ப்பதில்லை, அவற்றுக்கு வட்டாரம் முழுக்க ஒரே அமைப்பு வேண்டும். வாய்க்காலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலோரம்:
பத்து மணிக்குக் காலியாகக் கிடக்கிற அந்தப் பேருந்து நிலையம் பற்றி ஒரு வார்த்தை. ஸ்வீடனில் ஸ்டாக்ஹோமின் புறநகர் வேலிங்பி, 1954-ல் திறந்தது; வேலை, வீடு, கடைத்தெரு மூன்றும் ஒரே இடத்தில் என்பது திட்டம். ஆனால் குடியிருந்தவர்களில் பெரும்பாலானோர் வெளியே வேலைக்குப் போனார்கள், அங்கிருந்த வேலைக்கு வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். தோல்வி என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரயில் இரண்டு பக்கமும் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடியதே! வீட்டு வாசலில் வேலை என்று அடம்பிடிக்காமல், எதிர்த்திசையில் வர ஆளுக்கு ஒரு காரணம் கொடுங்கள்.

மூன்றாம் தளம்:
டோக்கியோ பக்கத்துத் தாமா புதுநகரத்தையும் பாருங்கள். 1971-லிருந்து இளம் குடும்பங்களாகவே குடியேறின. எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வயதாகிவிட்டது. பல அடுக்குமாடிகளில் லிப்ட் கிடையாது, ஊரோ மேடும் பள்ளமும். என் அம்மாவுக்கு மூன்று மாடிப் படி என்ன பாடு படுத்துகிறது என்று தினமும் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இரண்டாம் மாடி:
பட்டியலைத் தேடி எடுத்தேன். 4 பூங்கா, 2 மேல்நிலைத் தொட்டி, கழிவுநீர் நிலையம். வணிக வளாகமும் கிழக்குப் பக்கக் காலி மனைகளும் இல்லவே இல்லை. ஞாயிறு கூட்டத்தில் இணைப்புத் தீர்மானத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, இதைத்தான் முதலில் கேட்கப்போகிறேன்.

வரைபடக்காரன்:
கேளுங்கள். நீரேற்று நிலையத்தின் மின்கட்டணம் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.