மாசமா இருக்கும்போது வேலை போச்சு, அன்எம்ப்ளாய்மென்ட்டும் இல்லேன்னாங்க: என் அப்பீல் அனுபவம்

நிறைய பேர் தனித்தனியா கேட்டதால முழுசா ஒரு தடவை எழுதிடறேன். அன்எம்ப்ளாய்மென்ட்னா, வேலை போனவங்களுக்கு மாநிலம் வாராவாரம் கொடுக்கிற பணம். நான் கலிபோர்னியா, ஃப்ரீமான்ட் பக்கம். மத்த மாநிலத்துல நாள் கணக்கும் ஆபீஸ் பேரும் வேற. அதைப் பார்த்துக்கோங்க.

ஒரு பல் டாக்டர் கிளினிக்ல முன் டெஸ்க் வேலை. வர்றவங்களுக்கு செக்-இன், இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு போன் போட்டு எதுக்கு எவ்வளவு கவர் ஆகும்னு கேட்டு வைக்கிறது, ஆறு மாசமா க்ளீனிங்குக்கு வராதவங்களைக் கூப்பிட்டு ஞாபகப்படுத்தறது. மணிக்கு 21 டாலர், வாரம் 32 மணி நேரம். டாக்டரோட சேர்த்து ஒன்பதே பேர் இருக்கிற ஆபீஸ். எனக்கு கிரீன் கார்டு இருந்துச்சு.

2024 ஜனவரி, பிப்ரவரி ரெண்டு மாசமும் மசக்கை என்னைப் போட்டு எடுத்துடுச்சு. "மூணு மாசத்துல நின்னுடும்டி"ன்னு அம்மா வீடியோ கால்ல சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நிக்கல. டூத்பேஸ்ட் வாசனை பட்டாலே வாந்தி. பல் டாக்டர் கிட்ட வேலை பார்க்கிறவளுக்கு இப்படி ஒரு நிலைமை! எட்டு மணிக்கு இருக்கணும், சில நாள் எட்டே காலு, எட்டரை ஆயிடும். அநேகமா எல்லாத் தடவையும் ஏழு ஏழேகாலுக்கே மேனேஜருக்கு மெசேஜ் போட்டுடுவேன். அவங்களும் கட்டைவிரல் தூக்கின படத்தை அனுப்பிடுவாங்க.

மார்ச் 8, வெள்ளிக்கிழமை சாயங்காலம், 21 வாரம் எனக்கு. உள்ளே கூப்பிட்டு, அட்டெண்டன்ஸ் சரியில்லை, இன்னையோட முடிச்சுக்கலாம்னாங்க. கையோட, "நீங்களே ரிசைன் பண்றதா எழுதிக் கொடுத்துட்டா அடுத்த வேலைக்கு ரெக்கார்டு சுத்தமா இருக்கும்"னு ஒரு பேப்பரை நீட்டினாங்க. நான் எழுதல. தைரியம்லாம் இல்லீங்க, அழுகையில எழுத்தே தெரியல, அவ்வளவுதான். அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடாததுதான் என்னைக் காப்பாத்துச்சுன்னு பின்னாடிதான் புரிஞ்சுது. நாமளா வேலையை விட்டா, விட நல்ல காரணம் இருந்துச்சுன்னு நாமதான் நிரூபிக்கணும். அவங்க தூக்கினா, நாம ஒழுங்கீனமா நடந்துக்கிட்டோம்னு அவங்கதான் நிரூபிக்கணும்.

அடுத்த திங்கள்கிழமையே ஆன்லைன்ல க்ளைம் போட்டேன். வாரம் 336 டாலர்னு கணக்கு வந்துச்சு. அப்புறம் இ.டி.டி.ல இருந்து, அதாவது இந்தப் பணத்தைக் கொடுக்கிற மாநிலத் துறையில இருந்து, ஒரு அம்மா போன் பண்ணாங்க. நான் சொதப்பினது இங்கேதான்.

"வேலைக்கு லேட்டா போனீங்களா?" "ஆமாங்க, நிறைய தடவை. சாரி." "அதைப் பத்தி உங்களுக்கு எச்சரிக்கை கொடுத்தாங்களா?" "சொன்னாங்க."

நாலே நிமிஷம். ஏன் லேட்டுன்னு அவங்களும் கேட்கல, நானும் சொல்லல. அதிகாரத்துல இருக்கிறவங்க கேள்வி கேட்டா முதல்ல தப்பை ஒத்துக்கணும்னு நம்ம வீட்ல வளர்த்து வச்சிருக்காங்களே, அதே பழக்கம். ஒத்துக்கிட்டா மனசு இளகும்னு நெனச்சேன். இளகல, ஃபைல்ல ஏறிடுச்சு.

ஏப்ரல் 11 தேதி போட்ட லெட்டர் 17ஆம் தேதி கைக்கு வந்துச்சு. மாநில அன்எம்ப்ளாய்மென்ட் சட்டத்தோட 1256ஆம் பிரிவுப்படி, வேலை சம்பந்தமான ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டதால பணம் கிடையாது. அதோட, இனிமே ஒரு வேலைக்குப் போய் வாரத்தொகையைப் போல அஞ்சு மடங்கு சம்பாதிக்கிற வரைக்கும் தடை. அதாவது 1,680 டாலர். வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கிறவளுக்கு எந்த ஊர்ல யார் வேலை கொடுப்பா? அந்த வரியைப் படிச்சதும்தான் எனக்குக் கோவமே வந்துச்சு.

அப்பீலுக்கு 30 நாள். லெட்டர் நம்ம கைக்கு வந்த நாள்ல இருந்து இல்ல, அவங்க அனுப்பின தேதியில இருந்து. எனக்கு அதுலயே ஆறு நாள் போயிடுச்சு. கூடவே வந்த டிஇ 1000எம் ஃபாரத்துல மூணு வரிதான் எழுதினேன்: இந்த முடிவை ஏத்துக்கல, கர்ப்பத்தால வந்த உடம்பு முடியாமைதான் தாமதத்துக்குக் காரணம், அநேகமா எல்லாத் தடவையும் முன்கூட்டியே சொன்னேன். பக்கம் பக்கமா எழுதணும்னு இல்ல, கதையைச் சொல்ல ஹியரிங், அதாவது ஜட்ஜ் விசாரணை, இருக்கு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அந்தந்த வாரத்துக்குப் பணம் கேட்டு பண்ற செர்டிஃபிகேஷனை மட்டும் நிறுத்தல. பணம் வராதுன்னு தெரிஞ்சும் "வேலை தேடினேன், வேலைக்குத் தயாரா இருந்தேன்"னு டிக் பண்ணிக்கிட்டே இருந்தேன். என் வீட்டுக்காரர் கூட "எதுக்கு இந்த வெட்டி வேலை"ன்னார்.

ராத்திரி கால் குரக்களி பிடிச்சுத் தூக்கம் வராதப்போ படிச்சதுல ஒண்ணு. யூட்டாவுல ஒரு காலத்துல பிரசவ தேதிக்கு 12 வாரம் முன்னாடி இருந்து, குழந்தை பொறந்து ஆறு வாரம் வரைக்கும் எந்தப் பொண்ணுக்கும் இந்தப் பணம் கிடையாதுன்னு சட்டமே இருந்திருக்கு. வேலை செய்ய முடியுமா முடியாதான்னு கேட்கிறதே இல்ல. டர்னர்னு ஒரு அம்மா வழக்குப் போட்டு, 1975ல சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னுச்சு. அடுத்த வருஷமே, கர்ப்பம்ங்கிற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாதுன்னு மத்திய சட்டத்துலயே சேர்த்துட்டாங்க. படிக்கத் தெம்பா இருந்துச்சு. ஆனா ஜட்ஜ் கிட்ட இதுல ஒரு வார்த்தை கூட நான் பேசல. என் கேஸ்ல கேள்வியே வேற: நான் லேட்டா வந்தது என் அலட்சியமா, இல்லையா.

ஹியரிங் நோட்டீஸ் வந்ததும் கேஸ் ஃபைலைப் பார்க்கணும்னு கேட்டு வாங்கினேன். தயவுசெஞ்சு எல்லாரும் இதைச் செய்யுங்க. அதுல கிளினிக்காரங்க அனுப்பின பதில் இருந்துச்சு: ஒன்பது தடவை தாமதம், தகவல் சொல்லல, நேர்ல உட்கார வச்சு எழுத்து மூலமா எச்சரிக்கை கொடுத்தோம். எச்சரிக்கை பேப்பர்ல பிப்ரவரி 29னு தேதி. லீப் வருஷத்து 29! அன்னைக்கு எனக்கு இருபதாவது வார ஸ்கேன், முழு நாள் லீவு. நான் கிளினிக் வாசலையே மிதிக்கல. ஸ்கேன் சென்டர் ரசீது ஃப்ரிட்ஜ் மேல, படத்தோட காந்தத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

ஜூன் 6, போன்லதான் ஹியரிங். சாப்பாட்டு மேஜையில பேப்பர் எல்லாத்தையும் தேதி வாரியா பரப்பி வச்சேன். வேணும்னா மொழிபெயர்ப்பாளர் இலவசமா வருவாங்க. நான் கேட்கல, கேட்டிருக்கலாம், பதட்டத்துல இங்கிலீஷ் ரெண்டு இடத்துல நழுவுச்சு. ஜட்ஜ் சத்தியப் பிரமாணம் வாங்கிட்டு ரெக்கார்டிங்கைப் போட்டார். மேனேஜர் இன்னொரு லைன்ல. அவங்களைத்தான் முதல்ல கேட்டார். "தகவல் சொல்லவே மாட்டாங்க"ன்னாங்க. என் முறை வந்தப்போ, முன்னாடியே ரெண்டு தரப்புக்கும் அனுப்பி வச்சிருந்த மெசேஜ் படங்களை ஜட்ஜ் ஒவ்வொண்ணா தேதி சொல்லி வாசிச்சார். கடைசியில மேனேஜர் கிட்ட, "இந்தக் கட்டைவிரல் உங்களோடதா?"ன்னார். ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் "ஆமா".

ஒன்பதுல ஏழுக்கு மெசேஜ் இருந்துச்சு. மீதி ரெண்டு? அதை மறைக்கல. ஒண்ணு 880 ஹைவேல டிராஃபிக், என் தப்புதான்னேன். இன்னொண்ணு டெக்கோட்டோ ரோடு ஓரம் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்துக்கிட்டிருந்தேன், போனை எடுக்கக் கூட முடியலன்னேன். 29ஆம் தேதி ரசீதைப் பத்திக் கேட்டப்போ, பேப்பர்ல தேதி தப்பா விழுந்திருக்கலாம்னு மேனேஜர் சொன்னாங்க.

கடைசியா ஒரு கேள்வி, ஜாக்கிரதையா இருக்க வேண்டிய கேள்வி: "இன்னைக்கு வேலை கிடைச்சா செய்ய முடியுமா?" அனுதாபம் கிடைக்கும்னு "உடம்பு முடியல"ன்னு சொல்லிட்டீங்கன்னா, வேலை செய்யும் நிலையில இல்லைன்னு அந்தப் பக்கம் பணம் போயிடும். எனக்கு உண்மையிலேயே ஏப்ரல்ல வாந்தி நின்னுடுச்சு. கனமா தூக்காத வேலை எதையும் செய்யலாம்னு டாக்டர் கொடுத்த லெட்டரும், விண்ணப்பம் போட்ட இடமெல்லாம் எழுதி வச்ச நோட்டும் இருந்துச்சு. "முடியும்"னேன்.

எட்டாம் நாள் முடிவு தபால்ல வந்துச்சு. தீர்ப்பு என் பக்கம். முதல் வாரம் காத்திருப்பு வாரம், அதுக்குப் பணம் இல்ல. மீதி 13 வாரத்துக்கு 4,368 டாலர் வந்துச்சு. இதுக்கு மத்திய வரி உண்டு, கலிபோர்னியா வரி கிடையாது. டியூ டேட்டுக்கு நாலு வாரம் முன்னாடி ஸ்டேட் டிசெபிலிட்டிக்கு (வேலை செய்ய உடம்பு முடியாதப்போ மாநிலம் கொடுக்கிற பணம்) மாறிட்டேன். ஒரே வாரத்துக்கு ரெண்டும் வாங்க முடியாது.

*

டாலஸ்ல இருந்து ஒரு தோழி:

அக்கா, செர்டிஃபிகேஷன் பத்தி நீங்க சொன்னது என் வயித்தெரிச்சல். டெக்ஸஸ்ல அப்பீலுக்கு 14 நாள்தான், அதுல எப்படியோ போட்டுட்டேன். ஆனா மறுத்துட்டாங்களேன்னு ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை பணம் கேட்கிறதை நிறுத்திட்டேன். ஜெயிச்சேன், ஆனா நான் கேட்ட வாரங்களுக்கு மட்டும்தான் கொடுத்தாங்க. எட்டு வாரம் அப்படியே போச்சு. யாரைக் குத்தம் சொல்ல, லெட்டர்ல எழுதித்தான் இருந்துச்சு. ஏழு மாசத்துல யாருங்க ரெண்டாவது பக்கத்தைப் படிக்கிறா.

சான் ஹோசேல இருந்து:

சிஸ், நான் ஹெச்1பி, கம்பெனி மூலமா வாங்கின வேலை விசா. எனக்கு இது கிடைக்குமா? என் ஃப்ரெண்டு கிரீன் கார்டுக்கு வெயிட் பண்றா, இதை வாங்கினா பப்ளிக் சார்ஜ், அதாவது அரசு உதவியை நம்பி இருக்கிறவங்கன்னு ஆயி கார்டு கிடைக்காம போயிடும்னு பயப்படறா.

எழுதினவர்:

ஹெச்1பின்னா வேற கவலைங்க. வேலை போனதும் இந்த நாட்டுல இருக்க அதிகபட்சம் 60 நாள்தான் கையில. வேற கம்பெனி பெட்டிஷன் போடாம எங்கேயும் வேலைக்குச் சேர முடியாதுங்கிறதால, "வேலைக்குத் தயார்"ங்கிற இடத்துலயே பொதுவா நின்னுடும். முதல்ல இமிக்ரேஷன் வக்கீலைப் பாருங்க. ஃப்ரெண்டு பயப்பட வேண்டாம். இது முதலாளி கட்டற வரியில வர்ற இன்ஷூரன்ஸ், அந்தக் கணக்குல சேர்க்கிறதில்ல. ஆனா வேலை பெர்மிட் செல்லுபடியா இருக்கணும்.

சாக்ரமென்டோல இருந்து:

மாசமா இருக்கிறதாலதான தூக்கினாங்க? அதுக்குத் தனியா கேஸ் போடலையாம்மா?

எழுதினவர்:

அது வேற வாசல் ஆன்ட்டி. அப்பீல் ஜட்ஜ் பணம் உண்டா இல்லையான்னு மட்டும்தான் சொல்வார், பாகுபாடு பத்தி முடிவு பண்ண மாட்டார். மத்திய சட்டத்துக்குக் குறைஞ்சது 15 பேர் வேலை பார்க்கணும், எங்க ஆபீஸ்ல ஒன்பது. கலிபோர்னியா சட்டத்துக்கு அஞ்சு பேர் போதும், மாநில சிவில் ரைட்ஸ் துறையில புகார் கொடுக்க மூணு வருஷம் டைம் உண்டு. ஃபாரத்தைப் பாதி நிரப்பி வச்சிருக்கேன். பாப்பா தூங்கினா நானும் தூங்கிடறேன்.

டாலஸ் தோழி:

அந்த மெசேஜ் எல்லாம் எப்படி அக்கா அனுப்பினீங்க? போனைத் தூக்கிக் காட்ட முடியாதே.

எழுதினவர்:

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து லைப்ரரில பிரிண்ட் போட்டேன். முதல் தடவை எடுத்ததுல மணி தெரிஞ்சுது, தேதி தெரியல. மேல கொஞ்சம் இழுத்து, தேதி வர்ற மாதிரி திரும்ப எடுத்தேன். பேரு, நம்பரும் தெரியணும். இன்னொண்ணு, வேலை போன அன்னைக்கு ராத்திரியே எல்லா மெசேஜையும் என் ஈமெயிலுக்கு அனுப்பி வச்சுக்கிட்டேன். மறுநாள் காலைல ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல இருந்து என்னை எடுத்துட்டாங்க.