பொருள்: ஆயில் பான் – எண்ணெய்த் தொட்டியா, அடிச்சட்டியா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

ஆயில் பான் என்பது எஞ்சினின் அடியில் எண்ணெய் நிற்கும் சட்டி போன்ற பாகம். அது கல்லில் அடிபட்டால் வீட்டிலேயே மாற்றுவது பற்றிய கட்டுரை ஒன்று தயாராகிறது. பட்டறையில் இதைச் சேம்பர் என்கிறார்கள், உதிரிபாகக் கடையில் சம்ப் என்கிறார்கள். வரைவில் ‘எண்ணெய்த் தொட்டி’ என்று இருக்கிறது. ‘மசகெண்ணெய்த் தட்டு’ என்றும் ஒரு யோசனை வந்தது. எதைக் கொள்ளலாம்? டிரெயின் போல்ட் (எண்ணெயை வடிக்கக் கழற்றுவது), ஸ்டிரெய்னர் (பம்ப் எண்ணெயை உறிஞ்சும் வாயில் உள்ள வடிகட்டி), பேக்கிங் (இணைப்பில் கசியாமல் அடைப்பது) மூன்றுக்கும் சொல் தேவை.

————

> வரைவில் ‘எண்ணெய்த் தொட்டி’ என்று இருக்கிறது

தொட்டி வேண்டாம் ஐயா. பழைய போர்ஷே 911, பந்தயக் கார்கள் போன்றவற்றில் எஞ்சின் அடியில் வடியும் எண்ணெயை ஒரு பம்ப் உறிஞ்சி, தனியாக இருக்கும் டாங்குக்கு அனுப்பும். ‘தொட்டி’ அந்த டாங்குக்கு உரிய சொல். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிப்பவர் எதைக் கழற்றுவார்?

இன்னொன்று, இங்கே இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. எண்ணெய் வடிந்து நிற்கும் இடம் வேறு, போல்ட் போட்டு மாட்டிய பாகம் வேறு. நம் ஊர் 100 சிசி பைக்குகளில் பெரும்பாலும் கிராங்க் கூட்டின் (எஞ்சினின் சுழல்தண்டைச் சுற்றியுள்ள கூடு) அடிப்பகுதியே எண்ணெய் நிற்கும் இடம். கழற்றி மாற்றத் தனிப் பாகம் கிடையாது. ஆகவே இடத்துக்கு ‘எண்ணெய் மடு’ என்றும், பாகத்துக்கு ‘அடிச்சட்டி’ என்றும் முன்மொழிகிறேன். ஆற்றில் ஆழமாக நீர் தங்கும் இடத்துக்கு மடு என்று பெயர் இருக்கிறதே, அது இங்கே பொருந்தும்.

மடுவின் ஆழம் இந்த வேலையின் உயிர்நாடி என்பதால் அந்தச் சொல்லை வலியுறுத்துகிறேன். ஸ்டிரெய்னரின் வாய் சட்டியின் தரையிலிருந்து கொஞ்சம்தான் மேலே நிற்கும். இரும்புத் தகட்டுச் சட்டி கல்லில் அடிபட்டால் பெரும்பாலும் கிழியாது, உள்ளே நசுங்கும். ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. ஆனால் தரை மேலேறி அந்த வாயை நெருங்கிவிட்டால் பம்புக்குப் போதிய எண்ணெய் வராது. அழுத்தம் குறைந்து முதலில் கிராங்க் பேரிங் (சுழல்தண்டைத் தாங்கும் பாகம்) போகும். ‘ஒழுகவில்லை, ஓட்டலாம்’ என்பது தவறு என்று கட்டுரையின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். அலுமினியச் சட்டி வேறு வகை: நசுங்காமல் விரிசல் விடும். எப்பாக்ஸி பூசுவது வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர மட்டுமே உதவும்.

மற்றவற்றுக்கு: டிரெயின் போல்ட் – வடிதிருகு. ஸ்டிரெய்னர் – உறிவடி. பேக்கிங்கில் இரண்டு வகை இருக்கிறது: வெட்டி வரும் கார்க், ரப்பர் வகைக்கு அடைப்பட்டை; குழாயிலிருந்து பிதுக்கும் சிலிக்கானுக்கு அடைபசை.

————

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ‘மசகெண்ணெய்’ கட்டாயம் வேண்டாம். எங்கட பத்திரிகைகளில் மசகு எண்ணெய் விலை என்றால் கச்சா எண்ணெய் விலை. ‘உயவெண்ணெய்’ என்றால் இரு கரையிலும் குழப்பம் வராது.

‘எண்ணெய்ச் சட்டி’ என்று எழுதினால் அடுப்படி ஞாபகம்தான் வரும். ‘அடிச்சட்டி’யில் அந்தப் பிரச்சினை இல்லை. எனக்குச் சம்மதம். ஆனால் அடைபசை என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது, எந்தப் பசை என்றும் சொல்லவேணும். குளியலறைக்குப் பூசும், வினாகிரி மணக்கும் சிலிக்கான் இதற்கு ஆகாது. அதிலிருந்து வரும் அமிலம் உலோகத்தை அரிக்கும், எண்ணெய்க்கும் அது தாக்குப்பிடிக்காது. ஒட்சிசன் உணரிக்கு (புகைக்குழாயில் இருக்கும் சென்சர்) பாதுகாப்பானது என்று குறிப்பிட்ட எஞ்சின் பசையே வேணும்.

கூடுதலாகப் பூசுவதுதான் பலர் விடும் பிழை. 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரே கோடு, போல்ட் துளைகளின் உட்பக்கமாக, இடையில் அறாமல் போகவேணும். மிஞ்சியது வெளியில் பிதுங்கினால் துடைக்கலாம். உள்ளே பிதுங்கியது காய்ந்து, அறுந்து, நேரே உறிவடியில் போய் அடைக்கும். எஞ்சினின் முன்பக்க மூடி எஞ்சின் உடலோடு சேரும் மூட்டுகளில் மட்டும் ஒரு பொட்டு கூடுதலாக வையுங்கோ. கசிவு அங்கேதான் தொடங்கும்.

————

இருவருக்கும் நன்றி. புதிய சொற்களோடு திருத்திய பகுதி கீழே. வாசித்து எங்காவது தடுக்கினால் சொல்லுங்கள்.

“சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிதிருகைக் கழற்றி உயவெண்ணெயை முழுதும் வடியுங்கள். சில வண்டிகளில் சைலன்ஸர் முன்குழாயோ குறுக்குச் சட்டமோ வழியை மறிக்கும். அதை முதலில் விலக்க வேண்டும்.

அடிச்சட்டியின் போல்ட்டுகள் பெரும்பாலும் 10 எண் ஸ்பானருக்கு அடங்கும். எல்லாவற்றையும் எடுத்த பிறகும் சட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் எஞ்சின் விளிம்பில் கீறல் விழும், அந்தக் கீறலே நாளைக்கு ஒழுகும். மெல்லிய தகட்டுக் கத்தியை இடுக்கில் தட்டிச் செருகிப் பசையை அறுங்கள். உறிவடியைப் பார்த்துக் கழுவி, அதன் ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) புதிதாகப் போடுங்கள். பழைய பசையைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடையுங்கள்.

பசை பூசியதும் தாமதிக்காமல் சட்டியை நேராக மேலே தூக்கி மாட்டுங்கள். ஒதுக்கி நகர்த்தினால் கோடு கலைந்துவிடும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, எதிரெதிராக, இரண்டு சுற்றில் இறுக்குங்கள். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இறுக்கும் முறுக்கு அளவு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதி. அதற்கு மேல் போனால் தகட்டு விளிம்பு துளையைச் சுற்றிக் குழிந்து, இரு போல்ட்டுகளுக்கு நடுவே இடைவெளி விழும். வடிதிருகுக்குப் புதிய வாஷர் போடுங்கள். பசைக் குழாயில் குறித்த நேரம் காயவிட்டு எண்ணெய் ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் டாஷ்போர்டில் உள்ள எண்ணெய் அழுத்த எச்சரிக்கை விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.”

————

‘ஒதுக்கி நகர்த்தினால்’ என்பதை ‘பக்கவாட்டில் இழுத்தால்’ என்று மாற்றுங்கள். மற்றபடி சரி. தொகுப்பில் மடு, அடிச்சட்டி இரண்டையும் தனித்தனிப் பதிவாக ஏற்றலாம்.