எங்கள் ஆண்டில் 20-ஐத் தேடியது

கணிதப் புதிர் போட்டால் பழைய வகுப்புத் தோழர்கள் உண்மையிலேயே பேச ஆரம்பிப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் 1996-இல் பட்டம் பெற்றவர்கள். வாட்ஸ்அப் குழுவில் அறுபது பேர் இருக்கிறோம். வாய் திறப்பவர்கள் ஏழெட்டுப் பேர்தான், மற்றவர்கள் பிறந்தநாள் வாழ்த்தோடு சரி. ஒரு சனிக்கிழமை காலை இதைப் போட்டேன்: 1, 9, 9, 6 என்ற நான்கு இலக்கங்களையும் தலா ஒரே முறை பயன்படுத்தி 1 முதல் 25 வரை எல்லா எண்களையும் உருவாக்க வேண்டும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், அடுக்கு, அடைப்புக்குறி எல்லாம் உண்டு. இலக்கங்களை ஒட்டி 19, 96 என்றும் எழுதலாம்.

புதிரின் மூலம் என்னுடையதல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்களுக்குப் போகும் 'டெக்னாலஜி ரிவ்யூ' இதழில் ஆலன் காட்லிப் 1966-இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் புதிர்ப் பகுதி நடத்தினார். நடப்பு ஆண்டின் இலக்கங்களால் 1 முதல் 100 வரை எழுதச் சொல்லும் சவால் அதில் ஆண்டுதோறும் வரும். நான் நடப்பு ஆண்டை விட்டுவிட்டு, நாங்கள் கல்லூரியை விட்டு வெளியே வந்த ஆண்டை எடுத்தேன். அதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். எல்லாருடைய சான்றிதழிலும் இருக்கிற எண் அல்லவா!

பத்து நிமிடத்தில் முதல் பதில்: 1+9+9+6 = 25. அடுத்தவர் அந்த 1-ஐப் பெருக்கினார், 24. இன்னொருவர் கழித்தார், 23. அப்போதுதான் இதன் சூட்சுமம் பிடிபட்டது. மற்ற மூன்று இலக்கங்களால் ஓர் எண் கிடைத்துவிட்டால், 1-ஐக் கழித்து, பெருக்கி, கூட்டி அடுத்தடுத்த மூன்று எண்களை எடுத்துவிடலாம். 9+9−6 என்பது 12, ஆகவே 11, 12, 13. (9+9)/6 என்பது 3, ஆகவே 2, 3, 4. 9−9+6 தருவது 5, 6, 7. மீதி இடங்களை இன்னொரு வழியில் நிரப்பினோம். 1-க்கு எந்த அடுக்கு போட்டாலும் 1 தானே. 9+6 உடன் 1-இன் 9-ஆம் அடுக்கைச் சேர்த்தால் 14, 15, 16. 9+9 உடன் 1-இன் 6-ஆம் அடுக்கு என்றால் 17, 18, 19. வேண்டாத இலக்கத்தை அடுக்கில் ஏற்றி மறைத்துவிடும் இந்த வழி எனக்கு இன்றும் பிடிக்கும். 22-ஐ ஒருவர் 19+9−6 என்று அழகாக எழுதினார்.

20-இல் முட்டிக்கொண்டு நின்றோம். 21-உம் வரவில்லை. இரவு பதினொன்றரை வரை காகிதப் படங்களாக வந்து விழுந்தன, எல்லாம் அடித்துத் திருத்தியவை. அப்புறம் விடுதியில் எனக்குப் பக்கத்து அறையில் இருந்தவன், குழுவில் ஒரு வரிகூட எழுதாதவன், கேட்டான்: "டேய், வர்க்கமூலம் போடலாமா?" அரை மணி நேரம் அதற்கே விவாதம். சரி என்றதும் அவன் அனுப்பியது: √9×6+√9−1 = 20. கடைசி 1-ஐப் பெருக்கினால் 21. அதே மூன்று எண் உத்திதான், ஆனால் 9 உள்ளே ஒரு 3 ஒளிந்திருப்பதை அவன் ஒருவன்தான் பார்த்தான். மறுநாள் நான் அவனைத் தொலைபேசியில் அழைத்தேன். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அவன் குரலைக் கேட்டேன்.

அன்று முதல் சனிக்கிழமைதோறும் ஒன்று போடுகிறோம். கட்டாய விதி ஒன்றே ஒன்று: ஞாயிறு மாலைக்கு முன் முழு விடையைப் போடக்கூடாது, குறிப்பு மட்டும் தரலாம். முதல் ஐந்து நிமிடத்தில் விடை விழுந்துவிட்டால் மெதுவாக யோசிப்பவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். குழுவுக்கு அவர்கள்தான் முக்கியம்.

சமீபத்தில் போட்டது பழைய வீட்டு எண் புதிர். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒருவர் வீட்டுக்கு ஒரு பக்கம் இருக்கும் எண்களின் கூட்டுத்தொகை, மறுபக்கத்து எண்களின் கூட்டுத்தொகைக்குச் சமம். மொத்த வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். 1914 டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' என்ற ஆங்கில இதழில் வந்த இந்தப் புதிரைப் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் வாசித்துக் காட்ட, ராமானுஜன் அப்படியே ஒரு தொடர் பின்னமாக (பின்னத்துக்குள் பின்னமாக நீண்டுகொண்டே போவது) எல்லா விடைகளையும் சேர்த்துச் சொன்னார். எங்களில் ஒருவர் நிரல் எழுதி 288 வீடுகள், வீட்டு எண் 204 என்று கண்டுபிடித்தார். அது போதாது, ஏன் என்று சொல்லுங்கள் என்றோம். எல்லையை எடுத்துவிட்டால் வீட்டு எண்கள் 1, 6, 35, 204 என்று வளர்கின்றன. பக்கத்து அறைக்காரன்தான் கவனித்தான்: ஒவ்வொன்றையும் 6-ஆல் பெருக்கி, அதற்கு முந்தையதைக் கழித்தால் அடுத்தது. 6×204−35 = 1189. அந்த 6 எங்கிருந்து வருகிறது என்றுதான் இந்த வாரம் எல்லாரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறோம்.