முழங்கால் அறுவைக்கு முன் பயிற்சி: தமிழ் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் வேண்டும்

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு வணக்கம். அம்மாவுக்கு வயது 68. வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்கு இன்னும் 6 வாரம் இருக்கிறது. அதற்குள் தொடைத் தசையை வலுவாக்கிக்கொண்டால் பிறகு எழுந்து நடப்பது எளிது என்கிறார் மருத்துவர்.

முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்தி 5 எண்ணும் வரை பிடிக்க வேண்டும். அம்மாவோ தொடையை விட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்! பயிற்சி தர வந்தவர் இந்தியில் சொன்னதற்கெல்லாம் அம்மா தலையாட்டினார், பாதி புரிந்திருக்காது.

வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வந்து தமிழில் சொல்லித்தர யாராவது இருக்கிறார்களா? லிப்ட் இல்லாத மூன்றாவது மாடி. நல்ல காலை முதலில் வைத்து ஏறவும், வலிக்கும் காலை முதலில் வைத்து இறங்கவும் இப்போதே பழக்க வேண்டும். ஒரு முறை வர எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள்.